72,000 ரூபாய் ரெடிமேட் கேமிங் பிசியும், பில்லில் இருந்த ஒரே ஒரு வரியும்

ரெடிமேட் கேமிங் பிசி வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்துகொள்வதா என்று யாராவது கேட்டால், எது மலிவு என்பதை நான் கடைசியாகத்தான் பேசுவேன். முதலில் கேட்பது, பில்லில் என்னென்ன எழுதித் தருவார்கள் என்று. 2024 ஆடி மாதம் 72,000 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் நான் வாங்கிய பெட்டிக்கு வந்த பில்லில் ‘கேமிங் டெஸ்க்டாப் – 1’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பகலில் எடிட்டிங், ராத்திரி பத்து மணிக்கு மேல் கேம். ஆடியில் விசேஷம் இருக்காது என்பதால் எங்கள் தொழிலில் எல்லோரும் மெஷின் மாற்றுவது, கேமரா சர்வீஸுக்குக் கொடுப்பது எல்லாம் அந்த மாதத்தில்தான். ஆவணி பிறந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. பழைய கம்ப்யூட்டர் 4கே வீடியோவைத் திறக்கவே திணறிக்கொண்டிருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை போய்ப் பாகம் பொறுக்க நேரம் இல்லை, எல்லாம் பொருத்தி, சோதித்து அனுப்புகிறோம் என்று ஒரு விற்பனையாளர் விளம்பரம் போட்டிருந்தார். ஐ5-12400எஃப் புராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), ஒரு வருட வாரண்டி. 3060-ஐ நான் விரும்பியதற்குக் காரணமே அதன் 12 ஜிபி மெமரிதான். அந்த விலைக்கு எடிட்டிங்குக்கும் கேமுக்கும் சேர்த்து அதைவிடத் தோதான கார்டு அப்போது இல்லை.

பெட்டி நல்லபடியாகத்தான் வந்தது. முன்னால் கண்ணாடி, மூன்று கலர் ஃபேன், ஆன் செய்தால் ரூமே ஜொலித்தது. பக்கக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே அடைத்திருந்த காற்றுப் பைகளை எடுத்துவிட்டுத்தான் ஆன் செய்தேன். ரெடிமேட் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வழியில் கார்டு ஆடாமல் இருக்க உள்ளே ஃபோம் அல்லது காற்றுப் பை வைத்து அனுப்புவார்கள். அதை எடுக்காமல் ஓட்டினால் ஃபேன் சிக்கும், சூடு ஏறும். கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்த நொடியிலிருந்து திரையில் விண்டோஸ் வரும் வரை ஒரே வீடியோவாக, கட் இல்லாமல் எடுத்து வையுங்கள். தொழில் பழக்கத்தில் நான் எடுத்திருந்தேன். பின்னால் எனக்குத் திரும்பி வந்த கொஞ்சப் பணமும் அந்த வீடியோவால் வந்ததுதான்.

ஆன் செய்ததும், உள்ளே என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் ஜிபியு-இசட், சிபியு-இசட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன். கார்டு ஆர்டிஎக்ஸ் 3060தான், ஆனால் 8 ஜிபி. 2022 கடைசியில் என்விடியா அதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றை இறக்கியது. 12 ஜிபி கார்டில் மெமரி பாதை 192 பிட், இதில் 128 பிட். பெயர் ஒன்று, வேகம் வேறு. விளம்பரத்தில் ‘ஆர்டிஎக்ஸ் 3060’ என்று மட்டும் இருந்ததால் பொய் சொல்லிவிட்டார்கள் என்றும் சண்டை போட முடியவில்லை. ராம் 16 ஜிபிதான், ஆனால் ஒரே ஸ்டிக். இரண்டு எட்டாகப் போட்டால் இரண்டு சேனலில் வேலை செய்யும், ஒன்றாகப் போட்டால் ஒரே சேனல், வேகம் குறைவு. எல்லாப் பாகங்களையும் மாட்டும் மதர்போர்டு எச்610 என்ற மலிவு வகை, ராமுக்கு இரண்டே ஸ்லாட், புராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டி எதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் நான் கேள்வியே படாத ஒரு பெயர். போன் செய்தால், “சார், பெர்ஃபார்மன்ஸ்ல எந்த வித்தியாசமும் தெரியாது, யூஸ் பண்ணிப் பாருங்க” என்றார்கள். வேலை குவிந்து கிடந்தது. ஓட்டத் தொடங்கிவிட்டேன்.

ரெடிமேட் விளம்பரம் எதை எடுத்துப் பார்த்தாலும் மூன்று விஷயங்களைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்: புராசசர், கார்டு, எத்தனை ஜிபி. மக்கள் தேடுவது அவற்றைத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். லாபம் பார்ப்பது மற்ற நான்கில்: மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், ராமின் வேகமும் எண்ணிக்கையும், எஸ்எஸ்டியின் மாடல். அதனால் வாங்கும் முன் இந்த நான்கின் முழு மாடல் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். ‘650 வாட் எஸ்எம்பிஎஸ்’ என்பது பதில் இல்லை. எந்த நிறுவனம், எந்த மாடல், கரண்டை வீணாக்காத திறனுக்குத் தரும் 80 பிளஸ் சான்று இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கார்டு என்றால் எத்தனை ஜிபி, எந்த நிறுவனத் தயாரிப்பு என்பது வேண்டும். சொல்லத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். சொன்னால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் விஷயத்தில், நான் புகார் கொடுத்த பிறகு விளம்பரத்தில் 8 ஜிபி என்ற எழுத்து புதிதாக முளைத்திருந்தது.

ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கேம் நடுவில் சட்டென்று அணைய ஆரம்பித்தது. நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, கரண்ட் போன மாதிரி அணைந்து தானே திரும்ப ஆன் ஆகும். விற்பனையாளரைக் கேட்டால் விண்டோஸை மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன். டிரைவரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். உங்கள் வீட்டு வயரிங்கில் கோளாறு இருக்கும் என்றார்கள், எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் பார்த்தேன். அந்த விண்டோஸே ஒரிஜினல் இல்லை, கிராக் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பது அதைத் திரும்பப் போட்டபோதுதான் தெரிந்தது. கஸ்டமரின் கல்யாண வீடியோவும் என் பேங்க் கணக்கும் புழங்குகிற மெஷினில் யாரோ கிராக் போட்ட விண்டோஸ். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 650. கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட் என்ற இடத்தில் 24 ஆம்பியர் என்று இருந்தது. கணக்கு எளிது: 12-ஐ 24-ஆல் பெருக்கினால் 288 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் புராசசரும் கார்டும் ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மற்ற வோல்ட்டேஜ்களில் எத்தனை ஆம்பியர் எழுதிக் கூட்டினாலும் கேமுக்கு உதவாது. 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். இரண்டையும் கூட்டினால் 287. மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் மிச்சம் ஒரு வாட்! அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. நீங்கள் ரெடிமேட் வாங்கினாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அந்தப் பொடி எழுத்தை மட்டும் படியுங்கள். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் மட்டுமே 500 வாட்டுக்கு மேல் இருக்கும்.

லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்ததாக இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. ஆவணி முதல் முகூர்த்த வாரத்தில் ஒரு ரிசப்ஷன் வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். உள்ளேயிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓடி வந்தால் கருகிய வாடை, வீட்டு எம்சிபி சுவிட்ச் தானாக ஆஃப் ஆகிக் கிடந்தது. பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவர் வந்து, தன்னிடமிருந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தார். ஃபேன்கூடச் சுற்றவில்லை. “தம்பி, போர்டையும் சேர்த்துக் கொண்டுபோயிருச்சு” என்றார். புராசசர், ராம், கார்டு மூன்றையும் தன் கடைக்கு எடுத்துப் போய் வேறு போர்டில் ஓட்டிக் காட்டினார். அவை தப்பித்துவிட்டன. எஸ்எஸ்டியும் தப்பித்ததுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி. கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது!

வாரண்டி என்று போனேன். முழு கம்ப்யூட்டரையும் அவர்கள் ஊருக்கு என் செலவில் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆன்லைனில் ‘ஒரு வருட வாரண்டி’ என்று போட்டிருந்ததற்கு அர்த்தம் அதுதானாம். கூரியருக்கு 1,700 ரூபாய். அங்கே போய்ச் சேரும்போது பக்கக் கண்ணாடி உடைந்திருந்ததாம். உடைசல் இருப்பதால் வாரண்டி செல்லாது, போர்டு போனதும் உங்கள் ஊர் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தால்தான் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, மதர்போர்டு நிறுவனத்துக்கென்று தனி வாரண்டி இருக்குமே என்று அதன் சர்வீஸ் சென்டரில் கேட்டேன். சீரியல் நம்பர் போட்ட பில் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ ‘கேமிங் டெஸ்க்டாப் – 1’. இத்தனைக்கும் மதர்போர்டுக்கும் கார்டுக்கும் பெரும்பாலும் மூன்று வருடம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வருடம், பெட்டியோடு வரும் புராசசருக்கு மூன்று வருடம் வாரண்டி உண்டு. தனித்தனியாகப் பில் போட்டிருந்தால் அத்தனையும் என் கையில் இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் இருந்த மனநிலையைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது. இன்னொன்றை நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவில், ராத்திரி அவருடைய ஆட்கள் கிளம்பிய பிறகு உட்கார்ந்து முடித்தேன். வீட்டில் “விளையாடற கம்ப்யூட்டர் எதுக்கு வாங்கணும்” என்று பேச்சு வேறு. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. கம்ப்யூட்டரிலேயே பிழைக்கிறவனை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். புகார் எண் தருவார்கள், விற்பனையாளருக்கு அனுப்புவார்கள். அன்பாக்சிங் வீடியோ, லேபிள் போட்டோ, பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்தேன். இழுத்தடித்துக் கடைசியில் ‘நல்லெண்ண அடிப்படையில்’ 8,000 ரூபாய் அனுப்பினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சீசன் நேரத்தில் எனக்குத் தெம்பு இல்லை. உங்களுக்கு நேரம் இருந்தால் போங்கள், விடாதீர்கள்.

சரி, மெஷின் வேண்டுமே. மிஞ்சிய பாகங்களை வைத்து நானே சேர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்து ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறினேன். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். கையில் ஒரு தாளில் மாடல் பெயர்களை முழுதாக எழுதிக்கொண்டு போனேன். அந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது முதல் கடையிலேயே தெரிந்துவிட்டது. “அண்ணே, அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டாக் இல்ல, இது அதைவிட பெட்டர், நாங்க எல்லாருக்கும் இதான் போடறோம்.” எல்லாருக்கும் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எனக்கு வேண்டாம் என்று நகர்ந்தேன். இன்னொரு இடத்தில் “எஸ்டிமேட் போதும்னா குறைச்சுத் தரேன்” என்றார்கள். பில் இல்லாமல் வெறுமனே எழுதித் தரும் எஸ்டிமேட் சீட்டை வைத்து வாரண்டி வாங்க முடியாது. ஜிஎஸ்டி பில், ஒவ்வொரு பொருளுக்கும் நேராக மாடல், சீரியல் நம்பர் என்று கேட்டபோது முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்த கடையில்தான் வாங்கினேன், அங்கே சில நூறு ரூபாய் கூடுதல் என்றாலும். புராசசர் வாங்குவதாக இருந்தால் ‘டிரே’யா ‘பாக்ஸ்’ஸா என்று கேளுங்கள். டிரே என்பது பெட்டி இல்லாமல் மொத்தமாக வருவது. விலை குறைவு, ஆனால் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி நமக்கு வராது, கடைக்காரர் வாய்ச்சொல்தான்.

பி760 மதர்போர்டு 9,800, 80 பிளஸ் சான்றில் ‘ப்ரான்ஸ்’ (வெண்கலம்) தரம் உள்ள 650 வாட் எஸ்எம்பிஎஸ் 5,600, இரண்டாவது 16 ஜிபி ராம் 3,200 ஆயிற்று. 12-ஆம் தலைமுறை இன்டெலுக்கான போர்டுகளில் டிடிஆர்4 போடுவது ஒன்று, டிடிஆர்5 போடுவது ஒன்று என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் நுழையவே நுழையாது. என்னிடம் இருந்தது டிடிஆர்4 என்பதால் போர்டின் பெயரில் ‘டி4’ இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன்.

பொருத்துவது பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. உண்மையில் வயிற்றைக் கலக்குவது ஒரே ஒரு இடம். இந்த வகை இன்டெல் போர்டில் ஊசிகள் புராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் முடி போல நிற்கின்றன. புராசசரின் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல், தானாக உட்கார வைக்க வேண்டும். அப்புறம் பக்கவாட்டுக் கம்பியை அழுத்திப் பூட்டும்போது ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும், நல்ல பலமும் தேவைப்படும், மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி துள்ளி எகிறும். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் தோன்றும். உடையவில்லை, அப்படித்தான். அந்த மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பின்னால் போர்டை வாரண்டிக்குக் கொடுக்க நேர்ந்தால் அது இல்லாமல் வாங்க மாட்டார்கள், ஊசி ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டி கிடையாது. மற்றதெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டது. போர்டை வைக்கும் முன் கேபினட்டில் பித்தளைக் கால்கள் சரியான துளைகளில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, ராமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுவது, புராசசருக்கென்று போர்டின் மேல் மூலையில் தனியாக இருக்கும் எட்டு பின் கரண்ட் கேபிளைச் செருகுவது. கேபினட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் பொடி வயர்களைப் போர்டின் கீழ் ஓரத்தில் செருகுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. போர்டோடு வரும் புத்தகத்தில் அதற்கு ஒரு படம் இருக்கும், அதைப் பார்த்துச் செய்தால் போதும்.

ஆன் ஆனது. அன்று முதல் இதை எழுதும் வரை ஒரு முறைகூட நடுவில் அணையவில்லை. 32 ஜிபி இரண்டு சேனலில் ஓடுவதால் எடிட்டிங்கில் டைம்லைன் சிக்குவதும் நின்றது. கார்டு மட்டும் அதே 8 ஜிபிதான், அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வந்த அதே பாகங்களை அன்றைய சில்லறை விலையில் தனித்தனியாக வாங்கியிருந்தால்: புராசசர் 11,500, கார்டு 23,000, போர்டு 6,000, ராம் 3,300, எஸ்எஸ்டி 2,800, கேபினட் 3,000, அந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 1,200 போடலாம். மொத்தம் 50,800. நான் கொடுத்தது 72,000. பொருத்தித் தருவதற்குக் கூலி 21,200 ரூபாயா? ரிச்சி தெருவில் பாகங்களை அவர்களிடமே வாங்கினால் பல கடைகளில் சும்மாவே பொருத்தித் தருகிறார்கள், கூலி கேட்டாலும் ஆயிரம் ரூபாய்ப் பக்கம்தான். இதோடு கூரியரும் புதுப் பாகங்களும் சேர்த்து 20,300. திரும்பி வந்த 8,000-ஐக் கழித்தால் 33,500 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. போன ஆர்டரை இதில் சேர்க்கவில்லை.

இந்தப் ‘பொருத்தித் தருவது’தான் முக்கியம். ரெடிமேடா சொந்தமாகவா என்று இரண்டே வழி இருப்பது போலப் பேசுகிறார்கள். நம் ஊரில் தொண்ணூறுகளிலிருந்தே மூன்றாவது வழிதான் பெருவழி: பட்டியல் நம்முடையது, திருகு முடுக்குவது கடைக்காரர். திருகுப்புளி பிடிக்க விருப்பமில்லாதவர்கள் இதைச் செய்யுங்கள். பாகங்களின் பெட்டிகள் நம் கண் முன்னால் சீல் உடைய வேண்டும், காலிப் பெட்டிகள் அத்தனையும் நம் கைக்கு வர வேண்டும், பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். பெட்டிகளைப் பரணில் போட்டு வையுங்கள், பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

2025-இல் அக்கா மகனுக்கு இப்படித்தான் வாங்கினோம். இரண்டாம் வருடம் இன்ஜினியரிங் படிக்கிறான். ரைசன் 5 7600, பி650 போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060. அவனே பொருத்துகிறேன் என்று அடம்பிடித்துப் பொருத்தினான். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. பையன் முகம் வெளிறிவிட்டது. இந்த வகை போர்டுகளில் டிடிஆர்5 ராமை முதன்முறை பழக்கிக்கொள்ள போர்டே சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரையில் எதுவும் வராது. இது தெரியாமல் நடுவில் ஆஃப் செய்து, கழற்றி, மறுபடி மாட்டி, நல்ல போர்டைக் கெட்டுப்போனதாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தோம், படம் வந்திருந்தது. மறுநாள் போன். “மாமா, கேம் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுது.” மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறாய் என்று கேட்டேன். போர்டில் செருகியிருந்தான். 7600-க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பதால் படம் வந்துவிடுகிறது, 28,000 ரூபாய் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. கேபிளைக் கீழே கார்டில் மாற்றியதும் சரியாயிற்று. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடியும் புராசசரில் இந்தக் குழப்பம் வராது, அதில் கிராபிக்ஸே கிடையாது, போர்டில் செருகினால் திரை வெறும் கறுப்புதான். கூடவே பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங் திரை) ராமின் முழு வேகத்தை ஆன் செய்ய வேண்டும். ஏஎம்டியில் எக்ஸ்போ, இன்டெல்லில் எக்ஸ்எம்பி என்று இருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸ் செட்டிங்கில் போய் 144 என்று நாமே மாற்ற வேண்டும், பல நேரம் 60-இலேயே நிற்கும்.

ரெடிமேடே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களின் டவர் கம்ப்யூட்டர்களில் ஒரிஜினல் விண்டோஸ் வரும், பிரச்சினை என்றால் வீட்டுக்கே ஆள் வரும், தவணையில் கிடைக்கும். பெட்டியைத் திறந்து பார்க்கவே விருப்பமில்லாதவருக்கு அது நல்ல வியாபாரம். ஆனால் அவற்றில் பலவற்றில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவிலும் கனெக்டரிலும் இருக்கும். மூன்று வருடம் கழித்துப் பெரிய கார்டு போடலாம் என்றால் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. நான் முற்றிலும் வேண்டாம் என்பது ஒன்றைத்தான்: இருபதாயிரத்துக்கு ‘ஐ7 கேமிங் பிசி, 4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று வருவது. அந்த ஐ7-க்குப் பின்னால் 2600, 3770 என்று எண் இருக்கும். முதலாவது 2011-இல் வந்தது, இரண்டாவது 2012-இல். கார்டு பெரும்பாலும் 2014-இன் ஜிடி 730. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக 8-ஆம் தலைமுறைக்குக் கீழே ஏறாது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. 2022-இல் வந்த ஒரு ஐ3-12100எஃப் அந்த ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பட்ஜெட் போடும்போது யுபிஎஸ்ஸை மறக்கிறார்கள். வீட்டில் பழைய 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது என்பார்கள். அது தருவது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது ‘பீப்’ என்று கத்திவிட்டு மெஷினோடு சேர்ந்து அணையும். 600 வாட் தருகிற 1000 அல்லது 1100 விஏ பாருங்கள். கேபினட் என்றால் முன்பக்கம் வலை உள்ளது. முழுக் கண்ணாடி முகம் பார்க்க அழகு, ஆனால் சித்திரை மாதத்துத் திருச்சியில் அதற்குள்ளே காற்று எங்கிருந்து வரும்? 65 வாட் என்று குறித்திருக்கும் சாதாரண புராசசருக்கு லிக்விட் கூலர் (தண்ணீர் ஓட்டிச் சூடு குறைப்பது) போடச் சொன்னால் அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

2025 கடைசியிலிருந்து ஒரு விஷயம் மாறியிருக்கிறது. மெமரி சில்லுகளை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் பழைய விலை ராமோடு முன்பே கட்டி வைத்த ரெடிமேட் டவர், சில நேரம் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாகவே வருகிறது. ஆகவே இப்போது வாங்குகிறவர்கள் முதலில் பாகங்களின் அன்றைய விலையைக் கூட்டுங்கள், பிறகு ரெடிமேட் விலையைப் பாருங்கள். ரெடிமேட் குறைவாக வந்து, நான்கு பாகங்களின் மாடலும் எழுத்தில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். சொந்தமாகச் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு 16 ஜிபிக்குப் பதில் இப்போதைக்கு இரண்டு 8 ஜிபி போட்டு, நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக எடுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகன் அவனிடம் இருக்கும் 32 ஜிபியில் பாதியை விற்றுவிடலாமா என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.